பிள்ளையை வெயிலுக்கு விடுங்கள்!

"எங்கட பிள்ளைக்கு விளையாட நேரமே இல்லை" என்கிறீர்கள்.

அந்த நேரத்தை எடுத்தது யார்?

பள்ளிக்கூடம் ஒன்றரை மணிக்கு விடுகிறது. கொழும்பில் சூரியன் மறைய ஆறு மணியாகும். நடுவில் கிடக்கும் நாலரை மணி நேரம் எங்கே போகிறது?

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஏதாவது ஓர் ஒழுங்கைக்குள் போய்ப் பாருங்கள். பின்னேரம் நாலு மணி. மேல்மாடியில் ரியூஷன் வகுப்பு. ஏசி போட்டிருப்பதால் ஜன்னல் சாத்தியிருக்கிறது. திரைச்சீலையும் இழுத்து மூடியாயிற்று.

ஒரு வாங்கில் நாலு பிள்ளைகள். தலைக்கு மேல் ஒற்றை டியூப் லைட். புலமைப்பரிசில் வினாத்தாள் புத்தகம் மூக்கில் முட்டுகிறது.

ஒழுங்கை முடிகிற இடத்தில் மரைன் டிரைவ். அதைத் தாண்டினால் தண்டவாளம். அதற்கும் அப்பால் கடல். கொட்டிக் கிடக்கிறது வெளிச்சம்! காசு கேட்காத வெளிச்சம்! அதில் நிற்க ஒரு பிள்ளை இல்லை.

பின் வாங்கில் இருக்கும் சிறுமியைப் பாருங்கள். கண்ணைச் சுருக்குகிறாள். தலையைச் சரிக்கிறாள். பலகையில் எழுதிய பின்னக் கணக்கு அவளுக்குப் புகை போலத் தெரிகிறது. பக்கத்துப் பிள்ளையின் கொப்பியை எட்டிப் பார்க்கிறாள். 8 என்றிருப்பதை 3 என்று எழுதுகிறாள். விடை பிழை.

"கவனம் இல்லை!" மாஸ்டர் ஏசுகிறார். வீட்டுக்கு வந்தால் அம்மாவும் ஏசுகிறார்.

கவனமா இல்லை? அவளுக்குக் கண் தெரியவில்லை!

தனக்குத் தெரியவில்லை என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. எல்லாருக்கும் உலகம் இப்படித்தான் மங்கலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் எப்படிச் சொல்வாள்? நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்!

உள்ளே என்ன நடக்கிறது தெரியுமா? கண்ணுருண்டை அளவுக்கு மிஞ்சி நீள்கிறது. பிறந்த குழந்தையின் கண் ஏறக்குறைய 17 மில்லிமீற்றர் நீளம். வளர்ந்தவருக்கு ஏறக்குறைய 24. அங்கே நிற்க வேண்டிய வளர்ச்சி நிற்காமல் போனால், தூரத்துப் பொருளின் உருவம் விழித்திரையில் விழாது. அதற்கு முன்னாலேயே விழுந்துவிடும். இதுதான் கிட்டப்பார்வை.

ஒரேயொரு மில்லிமீற்றர் கூடினால் போதும். கண்ணாடி பவர் இரண்டரை, மூன்று என்று ஏறிவிடும். நீண்ட கண் திரும்பக் குறுகிப் பழைய அளவுக்கு வராது.

"கண்ணாடி போட்டால் சரிதானே?" என்று கேட்கிறீர்களா?

பார்வை சரியாகும். நீண்ட கண் நீண்டபடியேதான் இருக்கும். பவர் மைனஸ் ஆறைத் தாண்டிய கண்ணில் விழித்திரை கழன்று விடும் ஆபத்து கூடுகிறது. குளுக்கோமா வரும் ஆபத்து கூடுகிறது. நாற்பது, ஐம்பது வயதில் நடுப்பார்வையே பழுதாகலாம். ஏழு வயதில் தொடங்கினால் பவர் ஏற எத்தனை வருடம் கிடைக்கிறது என்று யோசியுங்கள். தொடக்கத்தைத் தள்ளிப் போட்ட ஒவ்வொரு வருடமும் உங்கள் பிள்ளைக்கு இலாபம்!

"எங்கட பரம்பரையே கண்ணாடிதான். என்ன செய்ய?"

இதைச் சொல்லித் தப்பலாம் என்று பார்க்காதீர்கள்! தாய் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்புக் கூடத்தான். அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா?

2008 இல் கத்ரின் ரோஸும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். ஆறு, ஏழு வயதுச் சீன வம்சாவளிப் பிள்ளைகள். ஒரு கூட்டம் சிங்கப்பூரில். மற்றது சிட்னியில். இரண்டு இடத்திலும் பெற்றோரின் கிட்டப்பார்வை ஏறக்குறைய ஒரே அளவு.

சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் நூற்றுக்கு மூன்று!

சிட்னிப் பிள்ளைகள் புத்தகம் தொடாதவர்களா? சிங்கப்பூர்ப் பிள்ளைகளைவிட அதிகம் வாசித்தவர்கள்!

பிறகு எதில் வித்தியாசம்? சிட்னிப் பிள்ளை வாரத்தில் ஏறக்குறைய 14 மணி நேரம் வீட்டுக்கு வெளியே இருந்தது. சிங்கப்பூர்ப் பிள்ளை வெறும் மூன்று மணி நேரம்.

ஒரே வம்சம். வேறு வேறு வானம். இனியும் பரம்பரையைக் குற்றம் சொல்வீர்களா?

வெளிச்சம்தான் மருந்து! நல்ல லைட் போட்ட வகுப்பறையில் 300, 500 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். வெட்டவெளியில் பத்தாயிரத்தைச் சுலபமாகத் தாண்டும். மர நிழலில் நின்றால்கூட அறையைவிடப் பல மடங்கு. அந்த வெளிச்சம் பட்டதும் விழித்திரையில் டோபமீன் சுரக்கிறது, அதுதான் கண் நீள்வதை அடக்குகிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. எந்தக் கடையில் வாங்குவீர்கள் இதை?

ஆகவே ஒரு நாளுக்கு இரண்டு மணி நேரம். பகல் வெளிச்சத்தில். வெளியே. ஒரே மூச்சில் வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனது, இடைவேளையில் ஓடியது, பின்னேரம் பந்து அடித்தது எல்லாம் கணக்கில் சேரும்.

இப்போது சாட்டுகள் வரும். வரட்டும்!

"கொட்டாஞ்சேனையில் மைதானம் எங்கே இருக்கிறது? நாங்கள் தொடர்மாடியில் இருக்கிறோம்."

மைதானம் யார் கேட்டது? கண்ணுக்குத் தேவை வானம்! புனித லூசியா பேராலய முன்றலில் வானம் இல்லையா? பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் வீதியில் இல்லையா? ஜம்பட்டா வீதிப் பக்கத்து ஒழுங்கைகளில் சுவரில் மூன்று கோடு கீறி விக்கெட் ஆக்கி விளையாடி வளர்ந்தவர்கள்தானே உங்களில் பாதிப்பேர்! உங்களுக்குக் கிடைத்த ஒழுங்கை உங்கள் பிள்ளைக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

வாகனம் பயமா? கூடப் போய் நில்லுங்கள். நீங்களும் ஒரு மணி நேரம் நடந்தால் உங்கள் சீனி வருத்தத்துக்கும் நல்லது.

"வெயிலில் போனால் பிள்ளை கறுத்துப் போகும்."

இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. கறுத்தால் என்ன? தோலின் நிறத்துக்காகப் பெண் பிள்ளையின் கண்ணைக் கொடுப்பீர்களா? தம்பி கீழே கிரிக்கெட் அடிக்கிறான், அக்கா பல்கணிக் கம்பிக்குப் பின்னால் நிற்கிறாள். எத்தனை வீடுகளில் இது நடக்கிறது! அவளுக்கும் அதே கண்தான். அவளையும் இறக்கி விடுங்கள்!

உச்சி வெயில் கொடுமைதான், ஒத்துக்கொள்கிறேன். மூன்றரைக்குப் பிறகு விடுங்கள். தொப்பி போடுங்கள். நிழலில் விளையாடட்டும். தொப்பி போட்டாலும் போதிய வெளிச்சம் கண்ணுக்குப் போகும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுங்கள்.

டெங்கு நுளம்பா? நீளக் கை சட்டை போடுங்கள், நுளம்புக்கான களிம்பு பூசுங்கள். மழையா? மேகம் மூடிய வானமும் உங்கள் வரவேற்பறையைவிட வெளிச்சமானது. ஐப்பசியில் பின்னேரம் இடி இடித்தால் காலையில் விடுங்கள்.

"புலமைப்பரிசில் முடியட்டும். பிறகு பார்ப்போம்."

ஆ! இதுதானே உண்மையான பயம்? வெட்டுப்புள்ளி! பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்று வகுப்புக்குப் போகிறது, என் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற பயம்!

அந்தப் பயத்தை நான் ஏளனம் செய்யவில்லை. எத்தனை பேர் எதையெல்லாம் விட்டுவிட்டு இந்த நகரத்துக்கு வந்து, படிப்பு ஒன்றையே பிடித்துக்கொண்டு எழும்பினார்கள் என்று எனக்குத் தெரியும். படிப்பை விடச் சொல்லவில்லை. நேரத்தை மாற்றச் சொல்கிறேன்!

புத்தகத்தை இரவு ஏழு மணிக்கும் திறக்கலாம். சூரியனைத் திறக்க முடியுமா?

மாஸ்டரிடம் கதையுங்கள். நாலு மணி வகுப்பை ஆறரைக்கு மாற்றக் கேளுங்கள். தனியாகக் கேட்கக் கூச்சமா? அதே வாங்கில் இருக்கும் மற்றப் பிள்ளைகளின் அம்மாமாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பணம் கட்டுவது நீங்கள். கேட்க என்ன பயம்?

அடுத்தது கைபேசி. 2020 இல் பள்ளிக்கூடங்கள் மூடின. பாடம் கைபேசிக்குள் வந்தது. வேறு வழி இருக்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்தது. கைபேசி பிள்ளையின் கையை விட்டு இறங்கியதா? சோறு ஊட்டக் கைபேசி, அழுதால் கைபேசி, விருந்தாளி வந்தால் கைபேசி! அதைக் கொடுத்த கை உங்களுடையது. வாங்க வேண்டிய கையும் உங்களுடையதுதான்!

இரண்டு முதல் நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. குறைந்தால் இன்னும் நல்லது என்றும் சொன்னது. பெரிய பிள்ளை என்றால் புத்தகமோ திரையோ முழங்கையை மேசையில் ஊன்றும் தூரத்தில் இருக்கட்டும். அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எழும்பி ஜன்னலால் தூரத்தைப் பார்க்கட்டும்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று பெருமூச்சு விடாதீர்கள். நடந்திருக்கிறது!

தாய்வான் நம்மைவிட மோசமான பரீட்சைப் பைத்தியம் பிடித்த நாடு. அங்கே கண் வைத்தியர் வூ பெய்-சாங் தெற்கில் பக்கத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் இரண்டை எடுத்தார். ஒன்றில் இடைவேளைக்கு எல்லாப் பிள்ளைகளும் வகுப்பறையை விட்டு வெளியே போக வேண்டும். மற்றது வழக்கம் போல. ஒரு வருடம் போனது.

வழக்கம் போல நடந்த பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு 17 பிள்ளைகளுக்குமேல் புதிதாகக் கிட்டப்பார்வை. வெளியே விட்ட பள்ளிக்கூடத்தில் எட்டுப் பேருக்குத்தான்! பாதி!

2010 இல் அந்த நாடே நாளுக்கு 120 நிமிடம் வெளியே என்று இறங்கியது. 2011 இல் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளில் சரிபாதிப் பேருக்குப் பார்வை குறைந்திருந்தது. வருடா வருடம் ஏறிக்கொண்டே வந்த அந்தக் கணக்கு திரும்பியது. 2015 இல் 46 வீதமாக இறங்கியது. சீனாவின் குவாங்சோ நகரில் சில பள்ளிக்கூடங்களில் மட்டும் நாளுக்கு ஒரேயொரு 40 நிமிட வெளிப்புற வகுப்பைக் கூட்டினார்கள். மூன்று வருடத்தில் அங்கே புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 வீதம், வழக்கம் போல நடந்த பள்ளிக்கூடங்களில் 39.5 வீதம்.

என் பிள்ளைக்கு ஏற்கெனவே கண்ணாடி வந்துவிட்டதே, தோற்றுவிட்டேனே என்று அழுகிறீர்களா?

கண்ணைத் துடையுங்கள்! கண்ணாடி தோல்வி இல்லை. அந்தப் பிள்ளைக்குப் பலகை தெரிகிறது. அதுதான் வெற்றியின் தொடக்கம்! சீனாவின் கிராமப் பள்ளிக்கூடங்களில் பார்வை குறைந்த பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்தார்கள். கணிதப் புள்ளி ஏறியது என்று 2014 இல் முடிவு வெளியானது. புள்ளி, புள்ளி என்று உருகும் உங்களுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"கண்ணாடி போட்டால் பவர் கூடும், குறைத்துப் போடுவோம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மலேசியாவில் அதைச் செய்து பார்த்தார்கள். குறைத்துக் கொடுத்த பிள்ளைகளுக்குத்தான் பவர் வேகமாகக் கூடியது! 2002 இலேயே தெரிந்த உண்மை இது. கரட் சாப்பிட்டால் கண்ணாடி கழலும் என்பதையும் நம்பாதீர்கள். கரட் நல்லதுதான். கண் நீள்வதை அது நிறுத்தாது.

ஏறும் பவரின் வேகத்தைக் குறைக்க இன்று வழி உண்டு. சிங்கப்பூரிலும் ஹொங்கொங்கிலும் ஆய்ந்தறிந்த குறைந்த செறிவு அட்ரோபின் சொட்டு மருந்து இருக்கிறது. விசேட வில்லைகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்று கண் வைத்தியர் சொல்லட்டும். தேசிய கண் வைத்தியசாலை கொழும்பிலேயே இருக்கிறது, சிகிச்சை இலவசம். பிறகென்ன தயக்கம்?

பள்ளிக்கூடத்துக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார், பார்ப்பார் என்று இருந்துவிடவும் வேண்டாம். பள்ளிக்கூட மருத்துவப் பரிசோதனை முதலாம், நாலாம், ஏழாம், பத்தாம் தரங்களில். நாலுக்கும் ஏழுக்கும் நடுவில் மூன்று வருடம்! கண் மளமளவென்று நீளும் வயதே அதுதான். வருடத்துக்கு ஒரு தடவை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்!

மூன்று நாள் செய்வீர்கள். நாலாம் நாள் மழை. ஐந்தாம் நாள் பரீட்சை. ஆறாம் நாள் சோம்பல். விட்டுப் போகும்.

போகட்டுமே! ஏழாம் நாள் திரும்பத் தொடங்குங்கள். விட்டுப் போனது தோல்வியா? திரும்பத் தொடங்காததுதான் தோல்வி!

வீட்டில் செய்தால் போதுமா? போதாது. பள்ளிக்கூடத்தையும் அசைக்க வேண்டும்.

பழைய மாணவர் சங்கத்தாரே! பள்ளிக்கூடத்துக்கு ஸ்மார்ட் போர்ட் வாங்கிக் கொடுத்தீர்கள், படம் எடுத்தீர்கள். நல்லது. முற்றத்தில் நிழலுக்கு ஒரு மரம் வைத்தீர்களா?

அதிபர்மாரே, ஆசிரியர்மாரே! பாடம் முடியவில்லை என்று இடைவேளையைப் பிடித்து வைக்கிறீர்களே, அது உங்களுடைய நேரமா? அது அந்தப் பிள்ளையின் கண்ணுக்குரிய நேரம். விடுங்கள்!

பெற்றோரே, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் இருந்து தேநீர் குடித்துவிட்டு வந்தது போதும். அடுத்த கூட்டத்தில் எழும்பி நில்லுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். எல்லாரும் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும்.

"இடைவேளைக்கு எங்கட பிள்ளையளை வெளியில விடுவீங்களோ?" என்று கேளுங்கள்.

மறுமொழி வரும் வரைக்கும் இருக்காதீர்கள்!