சோதனை என்னும் சொல்

2017 டிசம்பர் 3ஆம் திகதி, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்றிலிருந்து பிரான்ஸ் நாட்டுத் திருப்பலிகளில் இயேசு கற்பித்த செபத்தின் ஒரு வரி மாறியது. தங்களைச் சோதனைக்கு உட்படுத்த வேண்டாம் என்று ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டு வந்தவர்கள், சோதனைக்குள் நுழைய விட வேண்டாம் என்று கேட்கத் தொடங்கினார்கள். உட்படுத்துகிறவர் கடவுள் என்றால், மனிதரைப் பாவத்தின் வாசலுக்குக் கூட்டிப்போகிறவரும் அவர்தானா என்ற உறுத்தல் பலருக்கு இருந்தது. அதே மாதம் பாப்பரசர் பிரான்சிஸ் இத்தாலியத் தொலைக்காட்சியில் அதே உறுத்தலைப் பேசினார். 2020இல் இத்தாலியரும் தங்கள் வரியை மாற்றினார்கள்.

இங்கே தமிழ்த் திருப்பலிக்கு வருகிற வயதானவர்களுக்கு இதில் புதினம் எதுவும் இல்லை. கத்தோலிக்கத் தமிழர் செபத்தில் கேட்பதெல்லாம் விழ விடாதேயும் என்பதுதானே. புரட்டஸ்தாந்துச் சபைகளின் பழைய வேதாகமம் உட்படுத்துதலைப் பற்றிப் பேசுகிறது. உண்மையில் கிரேக்க மூலத்துக்கு அதுவே கிட்டியது. மூலம், உள்ளே கொண்டுபோகாதே என்றுதான் கேட்கிறது. அதன் கடுமையைத் தணித்தவர்கள் மொழிபெயர்த்தவர்கள்.

வினைச்சொல்லைப் பற்றிய இந்தச் சர்ச்சையை விட, சோதனை என்ற பெயர்ச்சொல்லே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஊரில் பள்ளிக்கூடத்தில் எடுத்ததும் சோதனை. வீதியில் அடையாள அட்டையோடு இறங்கி நடந்ததும் சோதனைச்சாவடியில். வீட்டில் அடுத்தடுத்து இரண்டு சாவு விழுந்தால் அதுவும் சோதனை. ஆசை காட்டிப் பாவத்துக்கு இழுப்பதற்கும் அதே சொல். இங்கு பிறந்த பிள்ளைகளின் பிரெஞ்சில் துன்பத்துக்கு ஒரு சொல், இச்சையின் இழுப்புக்கு வேறொரு சொல். ஞானோபதேச வகுப்பில் அவர்கள் இரண்டையும் குழப்புவதில்லை. நாங்கள் குழப்புகிறோம். நற்செய்தியின் கிரேக்கச் சொல்லான 'பெய்ரஸ்மோஸ்' என்பதும் எங்களுடையதைப் போல இரண்டையும் சேர்த்துச் சுமப்பதுதான்.

இந்தக் குழப்பம் என்ன செய்யும் என்பதை நான் ஒருவரிடம் பார்த்தேன். எங்கள் ஊர்க்காரர், உணவகச் சமையலறையில் வேலை. நள்ளிரவு வேலை முடித்து, அடுத்தநாள் முற்பகல் எழும்பி, 'தபா' என்று இங்கே சொல்லுகிற புகையிலைக் கடைக்குப் போவார். கோப்பி, ஒரு சுரண்டல் சீட்டு. பிறகு குதிரைப் பந்தயம். பிறகு சீட்டுக் காசு. அது அவருடைய காசு மட்டுமில்லை. பன்னிரண்டு குடும்பம் மாதாமாதம் கட்டிய சீட்டில் தன் முறைக்கு எடுத்தது, மிச்ச மாதங்களுக்குத் திருப்பிக் கட்ட வேண்டியது. தோற்ற ஒவ்வொரு முறையும் அவர் சொன்ன வசனம் ஒன்றுதான்: "கடவுள் என்னைச் சோதிக்கிறார்." கேட்டவர்கள் தலையாட்டினோம். தமிழில் அந்த வசனத்தில் ஒரு பிழையும் இல்லை. இலக்கணமும் சரி, பக்தியும் சரி. ஆனால் அதற்குள் அவருடைய கை மறைந்துவிட்டது. சீட்டைச் சுரண்டிய விரல் யாருடையது என்ற கேள்வி அந்த வசனத்தில் எழவே எழாது.

யாக்கோபு திருமுகத்தின் முதல் அதிகாரம் சரியாக இந்த இடத்தைத்தான் பிடிக்கிறது. சோதனைகள் வரும்போது மகிழச் சொல்லித் தொடங்கும் அவரே, பத்துப் பன்னிரண்டு வசனம் தாண்டியதும், கடவுள் என்னைச் சோதிக்கிறார் என்று ஒருவரும் சொல்லக் கூடாது என்கிறார். இழுப்பது அவரவர் ஆசை. மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வேர்ச்சொல். யாக்கோபின் வாசகர்களும் எங்களைப் போல அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருந்தார்கள் போலும்.

ஆனால் பிரெஞ்சுக்காரரைப் போல இரண்டையும் வெட்டிப் பிரித்துவிட்டால் காரியம் முடியுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வதிவிட அனுமதிக்காகக் காத்திருந்த ஆண்டுகள், நான்கு பேர் படுக்கும் அறை, ஊருக்கு அனுப்ப வேண்டிய காசு: இந்தத் துன்பங்கள் வந்த வாசலால்தான் அந்தக் கோப்பிக் கடையும் அவருடைய வாழ்க்கைக்குள் வந்தது. துன்பம் பாவத்தை மன்னித்துவிடாது. அது எந்தப் பக்கத்தால் வருமென்று காட்டும். வாசல் தெரியாதவன் எதைக் காவல் காப்பான்?

நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்துத் துறவிகளுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அவர்களில் எவாக்ரியுஸ் எனக்குப் பிடித்தவர். கருங்கடல் பக்கத்தில் பிறந்தவர்; கொன்ஸ்தாந்திநோப்பிளில் பெயரெடுத்திருந்தபோது ஒரு பெரிய வீட்டு மனைவிமேல் காதல்கொண்டு, அங்கிருந்தால் தப்ப முடியாதென்று நகரத்தை விட்டே போனவர். வீரம் காட்டி அங்கேயே நின்று போராடவில்லை. எருசலேம் வழியாக எகிப்துக்கு வந்து, 399இல் அங்கேயே இறந்தார். மனிதரை அலைக்கழிக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்து எழுதினார். பிற்காலத்தில் திருச்சபை சொன்ன ஏழு தலையான பாவங்களின் வேர் அந்தப் பட்டியல்தான். எண்ணம் வருவது நம் கையில் இல்லை, அது தங்கியிருப்பது நம் கையில் உண்டு என்பது அவர் கணிப்பு. எட்டிலும் அவர் கூடுதலாக அஞ்சியது, முற்பகல் தொடங்கிப் பிற்பகல்வரை பிடிக்கும் ஒரு சலிப்பு. சூரியன் நகராததுபோல் இருக்கும். யன்னலை எட்டிப் பார்க்க வைக்கும். இருக்கிற இடத்தை வெறுக்க வைத்து, விட்டுவந்த உறவுகளை நினைப்பூட்டும். இதைப் படிக்கும்போது எனக்குப் பாலைவனம் தெரிவதில்லை. லாச்சப்பல் கடைத்தெரு மூலையில் கையில் கைத்தொலைபேசியோடு நிற்கும் நடுவயது ஆண்கள்தான் தெரிகிறார்கள்.

அந்தத் துறவிகள் சொன்ன மருந்து சாதாரணமானது. எண்ணத்தை அதன் பெயரால் அழை. மூத்தவர் ஒருவரிடம் போய்ச் சொல்லு. நான் சொல்லும் அண்ணையும் கடைசியில் அதைத்தான் செய்தார். பாவசங்கீர்த்தனத்தில் பாதர் அவரிடம் எத்தனை தரம் என்று கேட்காமல், எத்தனை மணிக்கு என்று கேட்டாராம். பதினொரு மணி என்றார். அதற்குப் பிறகு வங்கி அட்டை மனைவியிடம் போனது. பதினொரு மணிக்கு ஒரு நண்பரைத் தொலைபேசியில் அழைப்பது வழக்கமானது. மெற்றோவுக்கு அந்தக் கடை இல்லாத வேறு தெருவால் நடந்தார். இங்கே கசினோக்களுக்கும் இணையச் சூதுக்கும் நாமாகவே பெயர்கொடுத்து, குறைந்தது மூன்று ஆண்டுக்குத் தடை வாங்கலாம், அதையும் வாங்கினார். சில்லறைக் காசுக்கு விற்கும் சுரண்டல் சீட்டு பெயர் கேட்பதில்லை. ஆகவே தெருவை மாற்றியது தடையை விட முக்கியமாக இருந்தது.

மேடையில் ஏறிச் சாட்சி சொல்லும் கூட்டங்களில் இப்படிப்பட்ட கதைக்கு இடமில்லை. அங்கே ஒரே இரவில் விடுதலை கிடைக்க வேண்டும். அப்படிக் கிடைத்தவர்களை நான் மறுக்கவில்லை. ஆனால் செபத்தின் அந்த வரி வெற்றியைக் கேட்கவில்லை. அந்த இடத்துக்கு நான் போகாமலிருக்க வழிசெய் என்றுதான் கேட்கிறது. தன் பலத்தில் நம்பிக்கையில்லாதவனின் மன்றாட்டு அது.

இன்னொரு சொல்லும் இருக்கிறது. பாவம். இங்கு வளரும் பிள்ளைகள் அதை முதலில் கேட்பது மறைக்கல்வியில் இல்லை. விழுந்து முழங்கால் தேய்த்துக்கொண்டு வரும்போது, பாவம் பிள்ளை என்று அம்மம்மா சொல்லத்தான். குற்றத்துக்கும் இரக்கத்துக்கும் ஒரே ஒலி. கள்வனாயிருந்து துறவியான மோசே என்பவரின் கதை அதே எகிப்தில் நடந்தது. தவறிய ஒரு சகோதரனை விசாரிக்க அழைத்தபோது அவர் ஓட்டைப் பாத்திரமொன்றைச் சுமந்து வந்தாராம். என் பாவங்கள் பின்னால் ஒழுகுகின்றன, நான் பார்க்கவில்லை, இன்னொருவனுக்குத் தீர்ப்புச் சொல்ல வந்திருக்கிறேன் என்றாராம். அந்தச் சகோதரனை மன்னித்து விட்டார்கள்.

எங்கள் ஊர்க்காரரின் கடன் முழுதும் இன்னும் தீரவில்லை. சென்ற தையில் சீட்டுப் பிடிக்கும் அக்காவிடம் போய், தன்னைத் திரும்பச் சேர்ப்பீர்களா என்று கேட்டார். அக்கா கனநேரம் யோசித்தார். பிறகு, "கடைசி முறைதான் தருவன். காசு தங்கச்சியின்ர கையில்தான் குடுப்பன்" என்றார். அண்ணை ஓம் என்றார். முதல் மாதக் காசை அவரும் மனைவியும் சேர்ந்தே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.