மேசைக்காலும் மனச்சாட்சியும்

லண்டன் மாநகரப் பொலிசாரில் பெரும்பாலானோர் துவக்கின்றியே கடமை செய்கின்றனர். துவக்கேந்தும் பிரிவில் சேர்வோர் தாமே விரும்பி முன்வந்தவர்கள். மேலதிகாரி பணித்தார் என்று இவர்கள் தப்ப முடியாது. சுட்டவன் தானே பதில் கூறவேண்டும் என்பது அங்குள்ள சட்டம்.

1999 செப்டெம்பர் 22ஆந் திகதி, வீடுகளுக்குப் பெயின்ற் பூசும் தொழிலாளியான ஹரி ஸ்ரான்லி, சகோதரன் திருத்திக் கொடுத்த மேசைக்காலொன்றைப் பையிலிட்டு, ஹக்னியிலுள்ள தம் வீடு நோக்கி நடந்தார். அவருக்கு வயது 46, ஸ்கொட்லாந்துக்காரர். வழியில் மதுச்சாலையொன்றில் அவரைக் கண்ட ஒருவர், அயர்லாந்துக்காரன் துவக்குடன் போகிறான் என்று பொலிசாருக்கு அறிவித்தார். பொலிசார் இருவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தனர். அவர் திரும்பினார். சுட்டனர்.

2004இல் மரண விசாரணை ஜூரிமார் இதைச் சட்டவிரோதக் கொலை என்றனர். துவக்கேந்தும் பொலிசார் நூற்றுக்கு மேற்பட்டோர் அப்பொறுப்பைத் துறக்க முன்வந்தனர். 2005இல் மேல்நீதிமன்றம் அம்முடிவை நீக்கியது.

அபாயமென்று மெய்யாகவே நம்பினானா என்று சட்டம் கேட்கிறது. அது நியாயமே, கணப்பொழுதில் முடிவெடுப்பவனிடம் வேறென்ன கேட்பது? ஆனால் புனித தோமஸ் அக்குவினாஸ் இன்னும் ஒருபடி பின்னே போகிறார். அறியாமை கவனயீனத்தால் விளைந்ததாயின், தவறிய மனச்சாட்சி குற்றத்தை நீக்காது என்பது அவர் கொள்கை. அப்படியாயின் அந்தச் சில நொடிகளை மட்டும் ஆராய்ந்தால் போதுமா? ஒருவர் பேசிய தொனியைக் கேட்டே அவரை இன்னாரென்று முடிவுகட்டி, அதைத் தொலைபேசியில் சொன்னவரை எந்த ஜூரியும் விசாரித்துத் தீர்ப்பளிக்கவில்லை. நாமும் அப்படிப்பட்ட செய்திகளை நாள்தோறும் கைமாற்றுகிறோமே!