இரும்புத் தண்டும் தன்வேதனைக் காட்சியும்

கூரை திறந்த காரின் உடல் வளைகிறதா என்று பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். சமதரையில் நிறுத்தி, ஒரே ஒரு மூலையில் ஜாக் வைத்து மெல்லத் தூக்கினால் போதும். கதவின் பின்விளிம்புக்கும் உடலுக்கும் நடுவே ஓடும் இடைவெளி மேலே ஒரு அளவாகவும் கீழே ஒரு அளவாகவும் மாறும். வண்டி பழையதென்றால் அந்த நிலையில் கதவைச் சாத்தும்போது பூட்டு இடிக்கும். நான் இங்கிலாந்தில் சக்கர அலைன்மென்ட் வேலை பார்ப்பவன். மாஸ்டா எம்எக்ஸ்-5 கார்களில் இதைக் கண்ணெதிரே பார்த்து வருகிறேன். மூடியைக் கிழித்தெடுத்த அட்டைப்பெட்டி, முறுக்கினால் நெளியத்தான் செய்யும்.

ஆக, உடல் வளைகிறது என்பதில் ஐயமில்லை. கடையில் வாங்கிப் பூட்டும் இரும்புத் தண்டுகள் அந்த வளைவைக் குறைத்துக் காரை நன்றாகத் திரும்ப வைக்கின்றனவா என்பதுதான் வழக்கு. இது இயந்திரவியல் கேள்வி மட்டும் என்று நான் எண்ணவில்லை. ‘நான் அறிந்தேன்’ என்று சொல்லும் உரிமை ஒருவருக்கு எப்போது வருகிறது? 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார், இறைவன் உண்டு என்று நிறுவப் புகும் முன்பே இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறது. அறியும் வழிகளான அளவைகள் பலவற்றையும் சொல்லி, அவற்றைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறது. ஊரில் இருந்தபோது சைவ சித்தாந்த வகுப்பில் இதைப் படித்தேன். என் தொழிலில் இதைவிடப் பயன்பட்ட பாடம் வேறில்லை.

எம்எக்ஸ்-5 முதலில் வெளிவந்தது 1989இல். கூரையை எடுத்தால் உடல் தளரும் என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரியும். கியர்பாக்ஸையும் பின் டிஃபரென்ஷியலையும் நீளமான அலுமினியச் சட்டம் ஒன்றால் இணைத்தார்கள். 1994 மாடலில் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது, சஸ்பென்ஷனைத் தாங்கும் துணைச் சட்டங்களான சப்ஃபிரேம்களுக்குக் கூடுதல் தண்டுகளும், இருக்கைகளுக்குப் பின்னால் சீட் பெல்ட் தூண்களை இணைக்கும் குறுக்குச் சட்டமும் சேர்ந்தன. தொழிற்சாலையே தண்டு சேர்க்கிறது என்றால் தண்டில் ஏதோ பொருள் இருக்கிறது. எந்தத் தண்டில், எவ்வளவு என்பதில்தான் பேச்சு தடுமாறுகிறது.

சென்னையிலிருந்து இங்கே வந்து வேலை பார்க்கும் ஒரு தம்பி தன் பழைய எம்எக்ஸ்-5ஐ என்னிடம் கொண்டுவந்தார். பானட்டுக்கு அடியில், இரண்டு டேம்பர் கோபுரங்களையும் இணைத்துப் பளபளவென்று ஒரு ஸ்ட்ரட் பார் பூட்டியிருந்தார்.

“அண்ணா, இதைப் போட்டதுக்கப்புறம் வேற வண்டி. ஸ்டியரிங்கைத் தொட்டாலே முன்பக்கம் திரும்பிடுது.”

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காரின் அமைப்பைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் முன்னால் இருப்பது மக்ஃபர்சன் ஸ்ட்ரட். அதில் சக்கரத்தை மேலே பிடித்திருப்பது ஸ்ட்ரட்தான். வளைவில் டயர் பக்கவாட்டில் தள்ளும்போது அந்தத் தள்ளலில் ஒரு பங்கு நேராகக் கோபுரத்தின் உச்சிக்குப் போகிறது. அங்கே இரு உச்சிகளையும் இணைக்கும் தண்டுக்கு வேலை உண்டு. எம்எக்ஸ்-5இல் இருப்பதோ இரட்டை விஷ்போன். சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் கை, கீழ் கை இரண்டும் சப்ஃபிரேமில் பூட்டியிருக்கின்றன. பக்கவாட்டு விசை அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. கோபுர உச்சிக்கு வருவது ஸ்பிரிங்கும் டேம்பரும் மேல்நோக்கித் தரும் உந்தல்தான். இவர் வாங்கிய தண்டு பெரும்பாலும் சும்மா கிடக்கிறது.

அப்படியானால் அவர் உணர்ந்தது என்ன?

சித்தியார் காண்டலை நான்காக வகுக்கிறது. கண், காது, தோல் வழியாகப் பொருளைப் பற்றுவது இந்திரியக் காட்சி. பொறி தந்ததை மனம் வாங்கி, நினைவோடு சேர்த்து, இன்னது என்று துணிவது மானதக் காட்சி. இன்பதுன்பங்களை உயிர் தனக்குள் நேரே அறிவது தன்வேதனைக் காட்சி. நான்காவதான யோகக் காட்சி பணிமனைக்கு வருவதில்லை. தம்பியின் மகிழ்ச்சி தன்வேதனை. அதை மறுக்க எனக்கு அதிகாரமில்லை. உலகத்தில் எந்த மானியாலும் அதைப் பொய்யாக்க முடியாது. ஆனால் அவர் சொன்ன வாக்கியத்தின் எழுவாய் ‘நான்’ அல்ல, ‘முன்பக்கம்’. உள்ளே எழுந்த இன்பத்தை மனம் காரின் மேல் ஏற்றி, கையால் தொட்டறிந்த செய்தி போலப் பேசிவிட்டது. திரிவு நுழைந்தது அந்த இடத்தில்தான். இந்தப் பிழை தண்டு வாங்கியவருக்கு மட்டும் வருவதல்ல. நேர்ந்துகொண்ட காரியம் நடந்ததும் கோயில் வாசலில் நின்று ‘அவனே நடத்தினான்’ என்று சொல்லும் எல்லோரும் இதே விளிம்பில்தான் நிற்கிறோம். அந்த நன்றி உண்மை. காரணம் பற்றிய கூற்றை மட்டும் தனியாக விசாரிக்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் விசாரித்தோம். டயர் காற்றழுத்தம் மாறாமல், அதே சாலையில், அதே வேகத்தில் அவரே ஓட்டினார். சில ஓட்டங்களில் தண்டு இருந்தது, சிலவற்றில் இல்லை. பானட்டைச் சாத்தியபின்தான் அவரைக் கூப்பிடுவேன். எது எப்போது என்று அவர் சொன்னதில் ஒழுங்கு இல்லை. அது அவருக்கும் தெரிந்தது. அவர் முகம் வாடவில்லை, கேள்வி கேட்கத் தொடங்கினார். அந்தக் குணத்துக்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு.

பிறகு வேறொரு நாள் தரைக்கு அடியில் வேலை செய்தோம். அந்தக் காரின் தரையை ஒட்டி நீளவாக்கில் ஓடும் இரண்டு பெட்டி ரெயில்கள் மெல்லிய தகடு. தப்பான இடத்தில் ஜாக் வைத்தவர்கள் பலர் என்பதால், பழைய கார்களில் அவை நசுங்கியே இருக்கும். அவற்றின் மேல் கெட்டியான உறை ரெயில்களைப் பூட்டி, இரண்டையும் குறுக்குத் தண்டுகளால் இணைத்தோம். இந்த முறை பார்க்க வேண்டிய இடத்தை முதலிலேயே பேசிக்கொண்டோம்: உள்கண்ணாடி. ஒட்டுப்போட்ட சாலையில் கூரையில்லாத காரின் முன்கண்ணாடிச் சட்டம் நடுங்கும். அதில் தொங்கும் உள்கண்ணாடியும் நடுங்க, பின்னால் வரும் காரின் நம்பர் பிளேட் இரண்டு கோடாகக் கலங்கும். முன்பு கலங்கிய அதே ஒட்டுகளின் மேல் ஓட்டினோம். நம்பரை என்னால் படிக்க முடிந்தது, அவராலும் முடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் ஓட்டியவன் அல்ல, காசு கொடுத்தவனும் அல்ல. இருவர் கண்ணுக்கும் ஒன்றுபோல் பட்டது இந்திரியக் காட்சி.

கண்ணாடியின் நடுக்கம் நின்றுவிட்டது என்பதாலேயே கார் நன்றாகத் திரும்புகிறது என்று ஆகிவிடாது. இங்கே கருதல் வேண்டும். கருதலுக்குத் துணை கணக்கு. காரின் உடலும் ஒரு ஸ்பிரிங்தான், சஸ்பென்ஷனோடு வரிசையாகத் தொடுத்த இன்னொரு ஸ்பிரிங். உதாரணத்துக்கு, உடல் சஸ்பென்ஷனைப் போல் பத்து மடங்கு விறைப்பு என்று வைத்துக்கொள்வோம். மொத்த அசைவில் உடலின் பங்கு பதினொன்றில் ஒன்று. தண்டுகள் பூட்டி உடலின் விறைப்பை ஒன்றரை மடங்காக்கினால், மொத்த அசைவு குறைவது ஏறக்குறைய 3 சதவீதம். சாதாரண டயரில், கடைக்குப் போய்வரும் வேகத்தில் அதைக் கை அறியாது. காற்றழுத்தத்தைச் சற்று மாற்றினாலோ, தேய்ந்த புஷ்ஷை மாற்றி டோ கோணத்தைச் சரிசெய்தாலோ வரும் மாற்றம் அதைவிடப் பெரிது. பந்தயத் தடத்துக்காக ஸ்பிரிங்கை இரண்டு மடங்கு விறைப்பாக்கியவருக்குக் கதை வேறு. பழைய உடலோடு அதே கணக்கைப் போட்டால் உடலின் பங்கு ஆறில் ஒன்றாக ஏறுகிறது. முன்பின் ஆன்ட்டி-ரோல் பார்களை மாற்றி மாற்றி அவர் தேடும் சமநிலை, நெளியும் உடலில் பாதியில் கரைந்துபோகும். அவருக்கு விறைப்பு வேண்டும்.

ஆனால் ‘விறைப்பு எங்கே உண்டோ அங்கே நல்ல கையாளல் உண்டு’ என்று விதி எழுதினால் கருதலும் ஏமாற்றும். எங்கும் தவறாத உடனிகழ்ச்சி இல்லாமல் அனுமானம் நிற்காது என்பது தருக்கத்தின் அரிச்சுவடி. அதை உடைக்க ஒரு கோ-கார்ட் போதும். 1956இல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் செய்த முதல் கார்ட்டிலிருந்து இன்றுவரை பந்தயக் கார்ட்டில் சஸ்பென்ஷன் இல்லை, டிஃபரென்ஷியலும் இல்லை. பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் ஒன்றாகச் சுழல்வதால், வளைவில் உள்சக்கரம் தரையை விட்டு எழும்பினால்தான் வண்டி திரும்பும். அதை எழும்பவைப்பதில் குழாய்ச் சட்டத்தின் நெளிவுக்குப் பங்குண்டு. பிடிமானம் மிகுந்த நாளில் சட்டத்தின் தண்டைத் தளர்த்திவிடுகிற ஓட்டிகள் உண்டு. மோட்டோஜிபியில் டுகாட்டி 2009இல் கார்பன் ஃபைபர் சட்டம் கொண்டுவந்து, 2012இல் அலுமினியத்துக்கு மாறியது. சாய்ந்து ஓடும் பைக்குக்குச் சட்டம் பக்கவாட்டில் கொஞ்சம் இளக வேண்டும். விறைப்பு ஒரு கருவி. ஸ்பிரிங்கும் டேம்பரும் தங்கள் வேலையைச் செய்ய அசையாத அடித்தளம் தருவது அதன் பணி. எங்கே அந்தத் தளம் தேவையில்லையோ, அங்கே அது தடை.

உரையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சித்தாந்தத்தில் உரையளவை என்பது இறைவன் நூல், மலமற்றவன் வாக்கு. விற்பவர் வாக்குக்கு அந்தத் தகுதி இல்லை, என் வாக்குக்கும் இல்லை.

இத்தனைக்கும் பிறகு தம்பி கேட்டதுதான் என்னை நிறுத்தியது. “சந்தோஷம் நிஜம்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் காரணம் எதுவா இருந்தா என்ன அண்ணா?” பக்தியைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்பவர்கள் உண்டு. நான் அதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை. நம்பிக்கை வந்த ஓட்டி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பதில்லை, தோள் தளர்ந்திருக்கும், பார்வை வளைவின் முடிவுக்குப் போகும். அப்போது கார் உண்மையிலேயே நன்றாகத் திரும்புகிறது. உள்ளத்தில் தோன்றியது கை வழியாக உலகில் நடந்துவிடுகிறது. அந்த அளவில் அந்தத் தண்டு வேலை செய்கிறது, இரும்பாக அல்லாமல்.

ஆனாலும் காரணம் முக்கியம் என்றே அவரிடம் சொன்னேன். நவம்பர் மழையில், இலை அழுகிக் கிடக்கும் வளைவில், இரும்பு தராத பிடிமானத்தை இரும்பு தந்ததாக நம்பிப் போகிறவர் தன் உயிரை மட்டும் வைத்து ஆடவில்லை. பக்கத்து இருக்கையில் ஒருவர் இருக்கிறார், எதிரே சைக்கிளில் ஒருவர் வருகிறார். தன்வேதனையைத் தனக்குள் வைத்திருக்கும்வரை அது யாருக்கும் கேடில்லை. அதை உலகைப் பற்றிய தீர்ப்பாக்கி அதன்மேல் வேகத்தைக் கட்டும்போது, பிழைக்கு விலை கொடுப்பவர் வேறொருவராகிவிடலாம். ஆணவ மலம் உயிரின் அறிவை மறைக்கிறது என்று சித்தாந்தம் சொல்வதை நான் இந்த அளவுக்கு நேராகவே எடுத்துக்கொள்கிறேன்: மறைப்பு அறிவில் நடக்கிறது, அடி உடம்பில் விழுகிறது.

அதனால் காரை மறுபடி தூக்கி, கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிச் சட்டமான சில்லை, பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் பகுதியில் காட்டினேன். கான்வாஸ் கூரையில் விழும் மழைநீர் இருக்கைக்குப் பின்னால் உள்ள துளை வழியாக வடிய வேண்டும். துளை அடைத்தால் நீர் சில்லுக்குள் தேங்கி உள்ளிருந்து அரிக்கும். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு வெளியிலிருந்து அரிக்கும். இவர் காரில் பெயின்ட் புத்தம் புதிதாக இருந்தது. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டினேன். தகடு என்றால் கணீரென்று கேட்கும், இங்கே மொத்தென்று கேட்டது. பெயின்ட்டுக்கு அடியில் புட்டி. கூரையில்லாத காரில் முறுக்கைத் தாங்கும் பெரிய உறுப்பே அந்தச் சில்தான். சீட் பெல்ட்டோ சஸ்பென்ஷனோ பூட்டியிருக்கும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு இற்றுப்போயிருந்தால், ஆண்டுதோறும் செய்யவேண்டிய எம்.ஓ.டி. என்ற வாகனத் தகுதிச் சோதனையிலும் கார் தேறாது.

தம்பி கொஞ்ச நேரம் அந்த இடத்தையே விரலால் தட்டிக்கொண்டிருந்தார். அடுத்து வாங்க எண்ணியிருந்த பின்பக்கத் தண்டை விட்டுவிட்டு, அந்தக் காசில் புட்டியைச் சுரண்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொன்னார். முன்னால் இருந்த ஸ்ட்ரட் பாரை என்ன செய்வது என்று கேட்டார். பிடித்திருந்தால் இருக்கட்டும் தம்பி என்று நட்டுகளை முறுக்கிக் கொடுத்தேன்.