எதுவரை தேய்ப்பது?

1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் மலேசியாவின் கேமரன் மலையில் போ (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். ஆங்கிலேயர் போய்விட்டார்கள், அவர்களுடைய ஸ்கோன் ரொட்டி போகவில்லை. அம்மலையிலுள்ள எங்கள் தானா ராத்தா ஊருக்கு வருகிறவர்கள் தேநீரோடு ஸ்கோனும் ஸ்ட்ராபெரி ஜாமும் சாப்பிடாமல் மலையிறங்குவது அரிது. நம் வீடுகளிலும் தீபாவளி நெருங்கினால் முறுக்குச் சட்டியோடு பிஸ்கட் தட்டும் சூடேறுகிறது. சாப்பிட்டவர்கள் எழுந்த பிறகு, தீய்ந்த தட்டோடு ஒருவர் மட்டும் தொட்டியடியில் நிற்கிறார். பெரும்பாலும் அது ஒரு பெண்.

அந்தத் தட்டை விரலால் தடவிப் பார்த்தால் இரண்டு கறை தெரியும். ஜாம் வழிந்து கருகிய இடம் சொரசொரப்பாக இருக்கும். அது அழுக்கு, எடுத்தாக வேண்டும். எஃகுத் தட்டென்றால் சுடுநீர் ஊற்றி, இரண்டு கரண்டி சமையல் சோடா போட்டு இரவு முழுக்க ஊறவிட்டால் போதும். ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரமுள்ள தானா ராத்தாவில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கறை இளக அந்தச் சூடு தாராளம். அலுமினியத் தட்டு சோடா பட்டால் கறுக்கும். அதற்கு எலுமிச்சைச் சாறு கலந்த சுடுநீர் நல்லது. சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றினால் நுரைதான் மிஞ்சும். ஒன்றின் வேகத்தை மற்றொன்று முறித்துவிடும்.

இன்னொரு கறை ஓரங்களில் வழவழவென்று பழுப்பாகப் படிந்திருக்கும். எண்ணெய் சூட்டில் இறுகிப் படலமான நிறம் அது. பழகிய தோசைக்கல்லில் இருப்பதும் இதே படலம்தான். அங்கே அதைப் பொத்திப் பாதுகாக்கிறோம். இங்கே இரும்பு நாரால் கை எரிய எரியத் தேய்க்கிறோம். கீறல் விழுந்த தட்டில் அடுத்த முறை மாவு இன்னும் அழுத்தமாக ஒட்டிக்கொள்கிறது.

தட்டு சுத்தமானபின்னும் கை ஏன் நிற்பதில்லை? பாத்திரத்தின் பளபளப்பை வைத்துப் பெண்ணின் குணத்தை எடைபோடும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. பாதித் தேய்ப்பு அடுத்த வீட்டாரின் கண்ணுக்காக. சாப்பாட்டில் ஒட்டாத நிறத்துக்காக ஒருவர் தன் தூக்கத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. சுத்தம் வேண்டும், அதற்கு ஓர் எல்லையும் வேண்டும்.

இந்தத் தீபாவளிக்குப் பிஸ்கட் சாப்பிட்டவர்களே இரவில் தட்டை ஊறப்போடுங்கள், காலையில் நீங்களே கழுவுங்கள். ஓரத்துப் பழுப்பு போகவில்லையே என்று யாரையும் கேட்காதீர்கள்.