திகதி கடந்த எதிர்காலம்

அறிவியல் புனைகதை, அதாவது அறிவியலின் இன்றைய நிலையிலிருந்து நாளைய வாழ்வை ஊகித்து எழுதப்படும் கதை, தனக்கென ஓர் ஆண்டைக் குறித்துக்கொள்ளும்போது மற்றக் கதைகளுக்கு இல்லாத ஒரு சோதனைக்குத் தன்னை உட்படுத்திக்கொள்கிறது. அந்த ஆண்டு ஒருநாள் உண்மையிலேயே வந்து நிற்கிறது. சுஜாதா 1980களின் நடுப்பகுதியில் ஆனந்த விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’ 2020களின் தொடக்கத்தில் நடப்பதாக அமைந்த தொடர்கதை. பள்ளிப் பருவத்தில் அதை வாரந்தோறும் படித்த தலைமுறை இன்று ஐம்பதைக் கடந்துவிட்டது. கதை குறித்த ஆண்டுகளும் கடந்துவிட்டன. ஒரு காலத்தில் எதிர்காலமாக இருந்ததை இப்போது பழைய நினைவாக வைத்திருப்பவர் அதைக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வி, இலங்கை மலையகத்தின் நானுஓயாவைப் போன்ற ஓர் ஊரிலிருந்து எழும்போது, ரசனையின் எல்லையைத் தாண்டி வாழ்வைத் தொடும் கேள்வியாகிவிடுகிறது.

கதையின் இந்தியாவை ஜீவா என்னும் சர்வாதிகாரி ஆள்கிறான். பிள்ளை பெற்றுக்கொள்வதற்கும் அரசின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி கிடைத்த மகிழ்ச்சியில் இருக்கும் நிலாவின் கணவன் சிபி வெளியே சென்றவன் திரும்பி வருவதில்லை. அவள் வீட்டுக்கு வந்துசேரும் ரவி என்பவனோடு ஜீனோ என்னும் இயந்திர நாய் வருகிறது. விளையாட்டுப் பொருளாகச் செய்யப்பட்ட அது புத்தகம் படிக்கிறது, வாதாடுகிறது, தன்னைச் செய்தவர்கள் எதிர்பாராத அளவுக்குச் சிந்திக்கத் தொடங்குகிறது. நாடே வணங்கும் ஜீவா உயிருள்ள மனிதனே அல்ல, ஹோலோகிராம் எனப்படும், ஒளியால் வெட்டவெளியில் உருவாக்கப்படும் முப்பரிமாணப் பிம்பம் மட்டுமே என்பது கதையின் பெருந்திருப்பம். பின்னர் ‘மீண்டும் ஜீனோ’ என்ற தொடர்ச்சியும் வந்தது. ‘என் இனிய இயந்திரா’வைத் தூர்தர்ஷன் தொலைக்காட்சித் தொடராகவும் ஒளிபரப்பியது. ஆயினும் வாசகர் மனத்தில் குடியேறியது அச்சில் வந்த ஜீனோதான்.

1885இல் மலைநாட்டு இருப்புப்பாதை வந்தடைந்த நானுஓயா, கடல் மட்டத்திலிருந்து 1,600 மீற்றருக்கும் மேலே, நுவரெலியாவுக்கான ரயில் நிலையமாக அமைந்த ஊர். இலங்கையில் 1970களில் இந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது; 1977க்குப் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது அவை மறுபடி தாராளமாக வரத் தொடங்கின. சென்னையில் வெளியான இதழ் கொழும்புக்கு வந்து, பிறகு மலையேறி, நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் கடைகளில் தொங்கும்போது சென்னையில் அடுத்தடுத்த இதழ்கள் வெளியாகியிருக்கும். விலை கொடுத்து வாங்கியவர் ஒருவர் என்றால் படித்தவர் பலர். ஒரே இதழ் ஒரு லயத்தின் பல காம்பராக்களைச் சுற்றிவரும். லயம் என்பது ஒரே கூரையின் கீழ்த் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட நெடுவரிசை வீடு; அதன் ஒவ்வொரு குடும்பத்துக்குமான அறையே காம்பரா.

இதழ் சுற்றி முடிந்ததும் தொடர்கதையின் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்து, வார வரிசையில் அடுக்கி, கோணியூசியால் தைத்து, பழைய நாட்காட்டியின் அட்டையை மேலே ஒட்டிப் புத்தகமாக்கிக்கொள்வது அக்காலத் தமிழ் வீடுகள் பலவற்றில் நடந்த வேலை. அத்தகைய தொகுப்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஜீனோவின் வாதம் முடியும் பக்கத்தின் மறுபுறத்தில் பாதி அறுந்த துணுக்கு ஒன்று இருக்கும், அல்லது கூந்தல் தைல விளம்பரத்தின் ஒரு கண்ணும் ஒரு காதும் இருக்கும். மலையின் ஈரத்தில் இதழின் கம்பிப் பின் துருவேறி விட்டுச்சென்ற பழுப்புக் கறை பக்கத்துக்குப் பக்கம் மங்கிக்கொண்டே போகும். அடுப்புப் புகை ஓரங்களை மஞ்சளாக்கியிருக்கும். கைக்கு வராமற்போன வாரத்துக்கு உரிய இடத்தில் கதை துண்டுபட்டு நிற்க, அந்த இடைவெளியை வாசகர் தம் ஊகத்தாலேயே நிரப்பிக்கொண்டார். கடையில் விற்கும் முழுப் பதிப்பைப் பின்னாளில் வாங்கியவர்களும் இத்தகைய தொகுப்பை எறிய மனமில்லாமல் வைத்திருப்பதற்கு, தாம் நிரப்பிய பகுதி அந்தப் பதிப்பில் இல்லை என்பதே காரணமாக இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகர் இக்கதையை வரக்கூடிய ஆபத்தைப் பற்றிய கற்பனையாகப் படித்திருக்கலாம். மலையக வாசகர் அதில் தம் பெற்றோரின் வாழ்வையே கண்டார் என்பது இங்கு அழுத்திச் சொல்லப்பட வேண்டியது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத்திருத்தம் அவர்களது வாக்கைப் பறித்தது. 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியவர்களாகப் பங்கிட்டது. யார் எந்த நாட்டுக்குரியவர், எந்தப் பிள்ளை எந்த விண்ணப்பத்தில் அடங்கும், பாட்டி போக வேண்டுமா பேத்தி இருக்கலாமா என்பதையெல்லாம் எங்கோ ஓர் அலுவலகத்துக் கோப்பு தீர்மானித்தது; நானுஓயாவிலும் ஹட்டனிலும் உறவினரைக் கோச்சி எனப்படும் ரயிலில் ஏற்றி, இந்தியா செல்லும் வழியில் தலைமன்னாருக்கு அனுப்பிவிட்டு அழுதவர்களின் பிள்ளைகள்தாம் சிபி திரும்பி வராத அத்தியாயத்தைப் படித்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை, அனுமதிக்காகக் காத்திருக்கும் நிலா வருங்காலத்துப் பெண்ணாக இருக்கவில்லை. பக்கத்துக் காம்பராவில் இருந்தாள்.

எஸ். ரங்கராஜன் என்ற இயற்பெயர் கொண்ட சுஜாதா, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியபோது இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர். அத்தகைய ஒருவரின் கதையை, வாக்குச்சீட்டையே கண்டிராத பெற்றோரின் வீட்டில் இருந்துகொண்டு பிள்ளைகள் படித்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

எதிர்காலத்தைக் கற்பனை செய்த இன்னொருவர் இத்தீவிலேயே வாழ்ந்தார். 1956 முதல் இலங்கையைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்ட ஆர்தர் சி. கிளார்க், பூமியிலிருந்து விண்ணுக்கு ஏறும் மாபெரும் தூக்கியைப் பற்றி 1979இல் எழுதிய நாவலில், அதற்கு அடித்தளமாகச் சிவனொளிபாத மலையையே மாதிரியாகக் கொண்டார். அத்தகைய தூக்கிக்குப் பூமத்திய ரேகை வேண்டும் என்பதால் தீவையே தெற்கே நகர்த்திவிட்டார். மஸ்கெலியாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் மலை உலகப் புனைகதையில் இடம்பெற்றது என்ற செய்தி, ஆங்கிலம் எட்டாத பெரும்பாலான தோட்ட வீடுகளுக்குத் தெரியாமலேயே போயிற்று. ஆயினும் அவரது வேறொரு சிந்தனை அதே வீடுகளின் கூரைக்கு வந்துசேர்ந்தது. பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்துக்கு இணையாகச் சுற்றி, ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் புவிநிலைச் செயற்கைக்கோள்களால் உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என அவர் 1945இலேயே எழுதினார். இன்று நூறாண்டு கடந்த லயத்தின் தகரக் கூரைமேல், பறந்துவிடாமல் கல் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே, டிஷ் அன்ரனா வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சுஜாதா 2008 பெப்ரவரி 27ஆம் திகதியும் கிளார்க் அடுத்த மார்ச் 19ஆம் திகதியும், மூன்று வார இடைவெளியில் காலமானார்கள்.

ஜீனோவின் காலமும் வந்தது. 2021இல் தோட்டங்களில் பேச்செல்லாம் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் சம்பளத்தைப் பற்றியே இருந்தது. நீண்ட போராட்டத்துக்குப் பின் அத்தொகை அவ்வாண்டு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசிக்கு சிக்னல் தேடிப் பிள்ளைகள் மேடேறினார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்றது; எரிபொருள் வாங்குவதற்கு கியூஆர் என்னும் கட்டக்குறியீடு வந்தது. கருவிகள் வந்துவிட்டன, அவற்றோடு ஜீனோ வரவில்லை என்று அந்தப் பழைய வாசகர் உணர்ந்தால் அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஏனெனில் அவர் காத்திருந்தது இயந்திரத்துக்காக அன்று. ஆள்பவனின் பிம்பத்தைப் பார்த்து அது பிம்பம் என்று சொல்லத் துணிந்த ஒரு சின்னஞ்சிறு உயிரின் தோழமைக்காகவே.

பழையதை நினைந்து ஏங்குவது செயலின்மைக்கு இட்டுச்செல்லும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. கழிந்துபோன ஒரு நாளுக்கான ஏக்கத்தைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மையாகலாம். வராமற்போன ஒரு நாளுக்கான ஏக்கமோ வேறு வகையானது. ஒருவர் பதினைந்து வயதில் எதைத் தமக்கு உரியதென்று எதிர்பார்த்தார் என்பதை அது மறக்கவிடாமல் வைத்திருக்கிறது. 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் நாடற்றோர் நிலை பெரும்பாலும் முடிவுக்கு வந்தபோதிலும், லயங்கள் முடிவுக்கு வரவில்லை. அவற்றுக்குள்ளேயே முதுமை அடைந்தவருக்கு, தைத்த தொகுப்பைத் திறந்து பார்ப்பது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு ஆகாது. எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள அவர் இன்னும் உடன்படவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

மலையக இலக்கியம் சி. வி. வேலுப்பிள்ளை, தெளிவத்தை ஜோசப் முதலியோர் வழியாகத் தன் மக்களின் பட்ட வாழ்வையும் நடப்பு வாழ்வையும் மிகுந்த நேர்மையோடு எழுதியிருக்கிறது; தோட்டத் தொழிலாளர்களின் முதல் வருகையின் 200 ஆண்டு நிறைவு 2023இல் நினைவுகூரப்பட்டபோதும் பார்வை பெரிதும் பின்னோக்கியே இருந்தது, அது இயல்பும்கூட. ஆனால் ஜீனோவோடு வளர்ந்த தலைமுறையிடமிருந்து இன்னொரு கதை வரவேண்டியிருக்கிறது: 2060இல் நானுஓயாவில் கொழுந்து பறிப்பது கையா இயந்திரமா, இயந்திரம் என்றால் அது யாருடையது, வீட்டுக்கென்று பேசப்பட்டுவந்த ஏழு பேர்ச்சஸ் நிலத்தின் உறுதி யார் பெயரில் இருக்கிறது, ராதல்லைப் பள்ளத்தாக்கில் அப்போது தேயிலை இருக்கிறதா என்றெல்லாம் கேட்கும் ஒரு தொடர்கதை. அதை எழுதக்கூடியவர், நுவரெலியா மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் இப்போது படித்துக்கொண்டிருக்கலாம்; அவர் கையில் ‘என் இனிய இயந்திரா’வைக் கொடுப்பது, அதைக் காத்து வைத்திருக்கும் ஐம்பது வயதுக்காரர் இவ்வாரமே செய்யக்கூடிய வேலை.