கோயிற் பயணமும் குடிவழி நினைவும்

பள்ளி விடுமுறை நெருங்கியதும் மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் தென்னாட்டுப் பயணத்தைப் பற்றிய பேச்சு எழுகிறது. கோலாலம்பூரில் வானூர்தி ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் திருச்சிராப்பள்ளி. அங்கிருந்து திருவரங்கம், தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம், சிதம்பரம், மதுரை, இராமேசுவரம் எனப் பட்டியல் நீள்கிறது. எங்குத் தங்குவது, எந்த வண்டியை அமர்த்துவது, பத்து நாளில் எத்தனை கோயில்களைக் காண்பது என்பன எல்லாம் ஆராயப்படுகின்றன. எதற்காகச் செல்வது என்பது மட்டும் பெரும்பாலும் ஆராயப்படுவதில்லை.

“பிள்ளைகள் நம் மரபைக் காணட்டும்” என்பதே பெற்றோர் கூறும் விடை. நல்ல விடைதான். ஆயினும், அம்மரபு யாருடையது?

1010ஆம் ஆண்டில் முதலாம் இராசராசன் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் முன் நிற்கும் மலேசியத் தமிழ்ச் சிறுவன் பெருமிதம் கொள்வான். அம்மன்னனின் மகன் இராசேந்திரன் 1025இல் கடாரத்தின்மீது படை செலுத்தினான் எனக் கேட்கும்போது, கெடா மாநிலத்தை நினைத்து அப்பெருமிதம் இருமடங்காகும். ஆனால், அவனுடைய பூட்டனார் கடல் கடந்தது படைத் தலைவராக அன்று; தோட்டத்தில் பால்மரம் வெட்டுவதற்காக, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிய கூலியாளாக. அவ்வாறு வந்தோருள் கணிசமானோர், தம் ஊர்க் கோயிலுக்குள் அடியெடுத்து வைக்கவும் உரிமை மறுக்கப்பட்ட சாதியினர்.

மலாயாவுக்குக் கூலியாட்கள் செல்வதை 1938இல் இந்திய அரசு தடை செய்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1939 சூலை 8ஆம் நாள், அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் சிலர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றனர். 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. தோட்டத்திற்கு வந்த முன்னோரோ கதவு திறக்குமுன்பே கப்பலேறிவிட்டவர்கள். அவர்தம் வழித்தோன்றல் இன்று காலணியைக் கழற்றி வைத்துவிட்டுத் தடையேதுமின்றி உள்ளே நடக்கிறான்.

இதனை எண்ணுவோர் இருதிறத்தினர். “வாயிலில் நிறுத்திய கோயில் எங்ஙனம் எம் மரபாகும்?” என்பர் ஒருசாரார். “பழம்புண்ணைக் கிளறுவானேன்? பிள்ளைகள் பெருமையை மட்டும் அறியட்டும்” என்பர் மற்றொரு சாரார். முதற்கூற்றில் நேர்மையான சினம் உண்டு. எனினும், கல்லைச் சுமந்தவன், செதுக்கியவன், கோயில் நிலத்தை உழுதவன் ஆகியோரின் உழைப்பையும் அது மன்னனுக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறது. இரண்டாம் கூற்றில் பரிவு உண்டு, உண்மை இல்லை. பூட்டனை மறைத்துவிட்டு மன்னனைப் பூட்டனாக்கிக் கொள்வது இரவல் நகை அணிவதற்கு ஒப்பாகும்.

கோபுரம் மரபு என்றால், அதன் வாயிலைத் திறக்கப் போராடியதும் மரபே. எனவே, மதுரைக் கோபுரத்தைக் காட்டும்போது பிள்ளைகளுக்கு 1939ஆம் ஆண்டின் கதையும் சொல்லப்பட வேண்டும். பயணத் திட்டத்தில் நாகப்பட்டினத்திற்கும் ஒரு பொழுது ஒதுக்கப்பட வேண்டும். கடாரத்து மன்னன் அந்நகரில் எழுப்பிய புத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையளித்தவன் இராசராசனே. படை செல்லுமுன் நட்பு நிலவிய கரை அது. பிற்காலத்தில் ஏழை மக்கள் மூட்டையுடன் கப்பலுக்குக் காத்திருந்த கரையும் அதுவே.

அத்துறையில் அண்ணாந்து பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இராது. ஆயினும், “உன் பூட்டனார் இப்படிப்பட்ட ஒரு கரையிலிருந்துதான் புறப்பட்டார்” என்று தந்தை சொல்லவும் மகன் கேட்கவும் அங்கே ஒரு மாலை வேண்டும். அதற்காகப் பட்டியலில் ஒரு கோயில் குறைந்தாலும் குறையட்டும்.