ரத்தம் விலகி நிற்கும் இடம்

மாசி மாதம் வெள்ளிமலையில் புளி உலுக்கும் காலம். ஒருவர் மரமேறிக் கிளையை உலுக்குவார். கீழே நிற்கிறவர்கள் நீளக் கழியால் எட்டுகிற கிளைகளைத் தட்டுவார்கள். அப்படித் தட்டியபோதுதான் ஒரு விளார் வளைந்து போய்த் திரும்பி வந்து மாமாவின் இடக்கண்ணில் அடித்தது. எதுவும் குத்தவில்லை, கிழியவில்லை. ஒரு சொட்டு ரத்தம் வெளியே வரவில்லை. கண்ணைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தவர், எழுந்து மறுபடியும் கழியை எடுத்துவிட்டார்.

சாயங்காலம் அத்தைதான் முதலில் கவனித்தாள். கருவிழிக்குள் அடியில் ஒரு சிவப்புக் கோடு. டம்ளரின் அடியில் மிச்சம் நிற்கும் நன்னாரி சர்பத் மாதிரி, மேல்மட்டம் நேராக இருந்தது. தலையைச் சாய்த்துப் படுத்தால் அதுவும் மெல்லச் சாய்ந்தது. நந்தியாவட்டைச் சாறு பிழியலாம் என்றார் ஒருவர். தாய்ப்பால் விட்டால் குளிர்ச்சி என்றார் இன்னொருவர். இரண்டையும் செய்யாமல் விட்டதற்குக் காரணம் எங்கள் அறிவு அல்ல. அந்த நேரத்தில் நந்தியாவட்டை பறிக்க இருட்டில் போக யாரும் முன்வரவில்லை, அவ்வளவுதான். அடிபட்ட கண்ணில் எதையும் விடக்கூடாது, அழுத்தவும் கசக்கவும் கூடாது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

விடிந்ததும், "ஒரே பொகையா இருக்குது மாப்ள" என்றார். கச்சிராயபாளையம் வழியாகக் கீழே இறங்கினோம். வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை ஆடாமல் வைத்திருந்தார். யாரும் சொல்லித்தரவில்லை, உடம்புக்கே தெரிந்திருக்கிறது.

கருவிழிக்கும் லென்ஸுக்கும் நடுவில் தண்ணீர் நிற்கும் ஒரு சின்ன அறை உண்டு. அடி விழுந்த வேகத்தில் கண் ஒரு கணம் நசுங்கி விரியும். அப்போது உள்ளே மெல்லிய ரத்தக் குழாய் அறுந்தால், ரத்தம் அந்த அறையில் இறங்கித் தங்கும். டாக்டர் சொன்ன வைத்தியம் மருந்தைவிட அதிகம் உட்காருவது பற்றியதுதான். சொட்டு மருந்து, கண்ணுக்கு மேல் ஒரு மூடி, தலையை உயர்த்தி வைத்த படுக்கை. ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை எதையும் தொடாதீர்கள் என்றார். முதல் ஐந்து நாள்தான் கண்டம். உறைந்த ரத்தம் இளகும்போது மறுபடி கசியலாம், இரண்டாவது கசிவு முதலாவதைவிட மோசமாக இருக்கக்கூடும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறினால் பார்வை நரம்பே பழுதாகும். ஆகவே குனியாதீர்கள், பளு தூக்காதீர்கள். மரவள்ளி நடவு, களை, சாமை அறுப்பு என்று குனிந்தே அறுபது வருஷம் வாழ்ந்த மனிதரிடம் குனியாதே என்றால் என்ன செய்வார்? வாசலில் கட்டிலைப் போட்டு, மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்து, ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல கண்ணால்.

ஒரு வாரத்தில் சிவப்புக் கோடு கரைந்தது. பார்வை திரும்பவில்லை. ரத்தம் லென்ஸுக்குப் பின்னாலும் இறங்கியிருந்தது.

அங்கே இருப்பது தண்ணீர் அல்ல, கூழ். விட்ரியஸ் என்கிறார்கள். ஏறத்தாழ நான்கு மில்லிலிட்டர், அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நீர், மிச்சம் வலைபோல் பின்னிய நார். முன்னறைத் தண்ணீர் ஓயாமல் ஊறி வடிந்துகொண்டிருப்பதால் அங்கே விழுந்த ரத்தம் அதனோடு போய்விடும். கூழுக்கு அந்த ஓட்டம் கிடையாது. உள்ளே வந்த ரத்தம் வழி தெரியாமல் அலையும். நாளொன்றுக்கு ஒரு சதவீதம் போலக் கரையும் என்பது கண் மருத்துவர்களின் கணக்கு. அந்த ரத்தத் திரைக்குப் பின்னால் விழித்திரை கிழிந்திருக்கிறதா என்று வெளிச்சம் போட்டுப் பார்க்க முடியாது. ஒலி அலையை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்துத்தான் பார்க்கிறார்கள். மாமாவுக்கு விழித்திரை கிழியாமல் ஒட்டியிருந்தது. காத்திருக்கச் சொன்னார்கள்.

1970 வரை ஏறக்குறைய எல்லோருக்கும் காத்திருப்பது ஒன்றுதான் வைத்தியம். அந்தக் கூழைத் தொட்டால் கண் போய்விடும் என்பதே நம்பிக்கையாக இருந்தது. மயாமியில் ராபர்ட் மாக்கிமர் என்ற மருத்துவர், சுழன்று வெட்டி உறிஞ்சும் ஒரு கருவியைத் தன் வீட்டு கார் ஷெட்டில் உருவாக்கி, கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் சோதித்துப் பார்த்துவிட்டு மனிதக் கண்ணுக்குள் இறங்கினார். இன்றைக்கு அரை மில்லிமீட்டர் துளை போதும், கறை படிந்த கூழை எடுத்துவிடலாம். ரத்தம் கரையாவிட்டால், அல்லது விழித்திரை கிழிந்திருந்தால், மாமாவுக்கும் அதுதான்.

அவருக்கு வலியைவிட ஊர்தான் அதிகத் தொல்லை கொடுத்தது. முன்னறையில் ரத்தம் தெரிந்த வாரம் பார்க்க வந்தவர்களெல்லாம் உச்சுக்கொட்டினார்கள். பின்னால் ரத்தம் நின்ற வாரங்களில் கண் வெளிப்பார்வைக்குப் பளிச்சென்று இருந்தது. "கண்ணு நல்லாத்தானே இருக்குது, எப்ப வேலைக்கு வரப்போற?" கண்ணப்பன் கதையை அவருக்குச் சொன்னேன். காளத்தியில் சிவனின் கண்ணிலிருந்து ரத்தம் கன்னத்தில் வழிந்தது, வேடன் பார்த்தான், தன் கண்ணைப் பிடுங்கி அப்பினான். மாமா கேட்டுவிட்டு, "உள்ளார வழிஞ்சிருந்தா அவனுக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார். பதில் சொல்ல வரவில்லை எனக்கு.

செம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பாதி தரையில் போனது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் சரியாகப் பிடிபடாது. 1961-இல் இங்கிலாந்தில் கார் விபத்தில் வலக்கண் பார்வை போன கிரிக்கெட் வீரர் பட்டோடி நவாபும் இப்படித்தான் டம்ளருக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாராம். அடுத்த ஜனவரியிலேயே சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ரன் அடித்தார். மாமாவுக்குக் கிரிக்கெட் தெரியாது. "அவரு ராஜா, கழனி வேலை கிடையாது" என்று முடித்துக்கொண்டார்.

என்ன தெரிகிறது என்று தினம் கேட்பேன். நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு சொல்லுவார். முதலில் அடுப்புப் புகை கீழேயிருந்து எழும்புகிற மாதிரி. பிறகு ஒட்டடை. பிறகு காற்றில் பறக்கும் சாம்பல். புகை மேலே ஏறுவதாக அவர் சொன்னது எனக்கு வெகுநாள் புரியவில்லை, ரத்தம் கீழேதானே இறங்க வேண்டும்? இறங்கத்தான் செய்கிறது. ஆனால் கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுகிறது. விழித்திரையின் கீழ்ப்பாதி பார்ப்பது வானத்தை, மேற்பாதி பார்ப்பது தரையை. உள்ளே கீழே விழும் ஒவ்வொரு துளியும் பார்க்கிறவருக்கு மேலே போகிறது.

நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க்குக்கு 1930 மே மாதம் வலக்கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. அடிபட்டதால் அல்ல, குழாய் தானே வெடித்தது. இடக்கண் ஏற்கனவே மங்கல். அந்த 66 வயது மனிதர் என்ன செய்தார் தெரியுமா, நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து கண்ணுக்குள் மிதந்த கறையையே பல தாள்களில் வரைந்தார். வண்ண வளையங்கள், நடுவே அலகுள்ள பறவை போல ஓர் உருவம். உலகத்தை வரைய முடியாதபோது, உலகத்துக்கும் தனக்கும் நடுவில் இருந்ததை வரைந்தார். நடுவில் ஒன்று இருக்கிறது என்பதே அதுவரை நமக்குத் தெரிவதில்லை.

வாசல் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து இதைப் பற்றி நிறைய யோசித்தேன். உடம்பில் எங்கே ரத்தம் போகவில்லையோ அந்த இடம் செத்துப்போகும். விரலை இறுக்கிக் கட்டினால் கறுக்கிறது. கண்ணில் கணக்கு வேறு. கருவிழியில் ரத்தக் குழாய் இல்லை, கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்து மூச்சு வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் கண் தானத்துக்கு ரத்தப் பிரிவு பார்ப்பதில்லை. லென்ஸில் இல்லை. அந்தக் கூழிலும் இல்லை. வெளிச்சம் நடந்து போகும் பாதை நெடுக உடம்பு தன் ரத்தத்தை ஒதுக்கி வைத்திருக்கிறது. இவையெல்லாம் பக்கத்திலிருந்து கசியும் நீரில் சிக்கனமாக வாழ்கின்றன, வழி மறைக்காமல் இருப்பதற்காக.

விழித்திரைக்கு வந்தால் அங்கே குழாய்கள் உண்டு. அதுவும் வெளிச்சத்தை உணரும் அணுக்களுக்கு முன்னாலேயே, மரம்போல் கிளைத்துப் படர்ந்திருக்கின்றன. நாம் எல்லோரும் பிறந்ததிலிருந்து ஒரு ரத்த மரத்தின் ஊடாகத்தான் பார்க்கிறோம். அது அசையாமல் நிற்பதால் மனம் அதை அழித்துவிடுகிறது. பிராகாவில் புர்கின்யே என்ற இளைஞர், கண்ணருகே வெளிச்சத்தை அசைத்தால் அந்த நிழல்மரம் எழுந்து நிற்பதைக் கண்டு 1819-இல் எழுதினார். நின்ற நிழலை மனம் மன்னித்துவிடும். மாமாவின் கண்ணுக்குள் அலையும் ரத்தத்தை மனத்தால் மன்னிக்க முடியவில்லை.

அந்த மரமும் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. விழித்திரையின் நட்டநடுவில் ஒரு குழி, அதனுள் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அகலத்துக்கு ரத்தமில்லாத இடம். கிளைகள் அதன் விளிம்புவரை வந்து வளைந்து திரும்பிவிடுகின்றன, உள்ளே ஒரு குழாயும் போவதில்லை. ஊசியில் நூல் கோப்பதும், எழுத்து வாசிப்பதும், ஒரு முகத்தை உற்றுப் பார்த்து அடையாளம் கொள்வதும் அந்த இடத்தில்தான். உயிர் தன்னை ஆக மெலிதாக வைத்துக்கொண்ட இடத்தில்தான் உலகம் ஆகக் கூர்மையாக வந்து விழுகிறது. இதை மாமாவிடம் என் மொழியில் சொல்லிப் பார்த்தேன். "அப்ப நம்மளுக்குள்ள நாமளே இல்லாத எடத்துலதான் மத்தவங்க தெரியறாங்களா?" என்று கேட்டார். கேலியா நிஜமா என்று தெரியவில்லை.

சித்திரையில் ஒருநாள் காலையில் அந்தப் புளியமரத்தடிக்கு நடந்தோம். விழித்திரை சரியாகவே இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் கண்ணழுத்தம் பல வருஷம் கழித்துக்கூட ஏறலாம் என்பதால் வருஷத்துக்கொரு முறை கீழே இறங்கிக் காட்ட வேண்டும். மாமா வலக்கண்ணை உள்ளங்கையால் மூடினார்.

"செருப்பு தெரியுது. ஒன் காலு தெரியுது." கொஞ்சம் நிமிர்ந்தார். "அடிமரம் தெரியுது மாப்ள. மேல போவப்போவ இன்னும் பொகைதான்."

ரத்தம் அடியில் படிந்துகொண்டிருக்கிறது, அதனால் தரை முதலில் வருகிறது, வானம் கடைசியில் வரும் என்றேன். தலையாட்டினார்.

"அந்த வெளாரு இருக்குதா பாரு."

அண்ணாந்து பார்த்தேன். இருந்தது. அதற்குப் பிறகு யாரும் அந்தக் கிளையைத் தட்டவில்லை போலிருக்கிறது. புளி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.